நாலு கஞ்சாக் கன்றும் என் ஒன்பதாம் மாடியும்

2024 பெப்ரவரி 3, சனிக்கிழமை, காலை ஒன்பது இருபது. வெளியே இரண்டு பாகை, வெயில், காற்று இல்லை. பெப்ரவரியில் ரொறன்ரோ இப்படி நல்ல பிள்ளையாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். அந்த நேரத்தில்தான் மார்க்கம் நகரில் மகள் வீட்டுப் பேஸ்மென்டுக்குப் பதின்மூன்று படி இறங்கினேன். அங்கே ஒரு கறுப்புத் துணிக் கூடாரத்தின் ஸிப்பை மருமகன் கீழிருந்து மேலாக இழுத்தார். உள்ளே நாலு கஞ்சாக் கன்றுகள் நின்றன. “இவர்தான் மாமா” என்றார் மருமகன். அதை அவர் சொன்னது கன்றுகளைப் பார்த்து.

அன்று பின்னேரம் மகளும் மருமகனும் யாழ்ப்பாணம் புறப்படுகிறார்கள். மருமகனுடைய தங்கைக்குக் கல்யாணம், அதற்குப் பிறகு இரண்டு கோயில், ஒரு காணிப் பிரச்சினை. மொத்தம் இருபத்துமூன்று நாள். அந்த இருபத்துமூன்று நாளும் நான் அவர்கள் வீட்டில் தங்கி இந்த நாலுக்கும் தண்ணீரும் உரமும் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு நாலு கன்று வளர்க்கலாம் என்பது இந்த நாட்டுச் சட்டம். ஆளுக்கு நாலு அல்ல, வீட்டுக்கு நாலு. மருமகன் அதை என்னிடம் மூன்று தரம் சொன்னார். நான் ஐந்தாவதாக ஒன்றை நட்டுவிடுவேன் என்று பயந்தார்போல.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயது எழுபத்தாறு. ஊரில் கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைப் பரிசோதித்தேன். இங்கே வந்து பத்தொன்பது வருடம் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டொக் எண்ணினேன். மனைவி போய் ஐந்து வருடம். வெக்ஸ்போர்ட் பகுதியில் பதினாலு மாடி அப்பார்ட்மென்ட் ஒன்றில், ஒன்பதாம் மாடியில், ஓர் அறை வீட்டில் தனியாக இருக்கிறேன். யன்னலால் பார்த்தால் பஸ் தரிப்பு தெரியும். கீழே இறங்கி நானூற்றுப் பத்து அடி நடந்தால் தேங்காய், மரவள்ளி, பத்திரிகை, தலைமயிர் வெட்டுகிறவர் எல்லாம் கிடைக்கும். மார்க்கத்தில் ஒரு தேங்காய் வாங்கக் கார் வேண்டும். காருக்கு மருமகன் வேண்டும். மருமகனுக்கு நேரம் வேண்டும்.

போன நவம்பரில் குக்கரில் பருப்பை வைத்துவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டேன். புகை எழும்பி மணி அடித்து, பதினாலு மாடிச் சனமும் செருப்போடு தெருவில் வந்து நின்றது. நூற்றுப்பன்னிரண்டு பேர் வரை எண்ணினேன், அதற்குப் பிறகு தீயணைப்பு வண்டி வந்து மறைத்துவிட்டது. அன்றிலிருந்து மகள் ஒரே பிடியாக நின்றாள். நான் ஒன்பதாம் மாடியை விட்டுவிட்டு அவளுடைய பேஸ்மென்டுக்கு வந்துவிட வேண்டும். நான் மாட்டேன் என்றேன். இரண்டரை மாதம் இழுபட்டது. கடைசியில், பயணத்துக்குப் பெட்டி கட்டும்போது, இறங்கிவந்தவள்போல ஒன்று சொன்னாள்.

“இருபத்துமூண்டு நாள் எங்கட வீட்டைப் பாருங்கோ, அப்பா. நாங்கள் வந்து பாத்திட்டு உங்கட வீட்டைப் பற்றிக் கதைப்பம்.”

சோதனை என்று அவள் சொல்லவில்லை. இருபத்தைந்து வருடம் மற்றவர்களைச் சோதித்தவனுக்கு அது விளங்காமல் போகுமா? வினாத்தாள் நாலு சாடியில் நின்றது. தேறினால் ஒன்பதாம் மாடி, தவறினால் பேஸ்மென்ட்.

இனி மருமகன். நல்லவர். கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே செய்கிறார், அதனால் முதுகு நோகிறது, முதுகு நோவுக்குக் கஞ்சா நல்லது என்று யாரோ சொன்னதால் கன்று வளர்க்கிறார், கன்றுகளுக்குக் குனிந்து நிமிர்வதால் முதுகு இன்னும் நோகிறது. அவர்களுக்குப் பக்கத்துப் பிளாசாவில் புடவைக் கடைக்கும் இடியப்பக் கடைக்கும் நடுவில் கஞ்சாக் கடை இருக்கிறது. காரில் ஆறு நிமிடம். ஆனால் தன் கையால் வளர்த்தது வேறாம். கூடாரத்தின் உட்புறம் முழுவதும் வெள்ளித்தாள், மேலே இரண்டு விளக்கு, பக்கத்தில் காற்றாடி, மூலையில் புகைபோக்கிபோல ஒரு குழாய். சந்திரனுக்குப் போகிற ஆயத்தம்போல இருந்தது. மணம் வெளியே வராது என்றார். வந்தது. மகள் மேலே சாமித்தட்டில் ஒரு நாளைக்கு எட்டு ஊதுபத்தி கொளுத்தி அதை அமுக்கினாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அவளுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று மெச்சினார்கள்.

எனக்கென்று அவர் பதினொரு பக்கம் எழுதி அச்சடித்து வைத்திருந்தார். நான் தேடியது ஒரே ஓர் எண். எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர்? பதினொரு பக்கத்தில் விளக்கின் உயரம் இருந்தது, காற்றின் ஈரம் இருந்தது, தண்ணீரின் புளிப்பை அளக்கும் பேனா இருந்தது. தண்ணீர் என்ற தலைப்பின் கீழ் எழுதியிருந்தது இவ்வளவுதான்: தேவைப்படும்போது.

“தேவைப்படும்போது எண்டால் எப்ப, தம்பி? திங்களோ, செவ்வாயோ?”

“நாள் சொல்லேலாது, மாமா. சாடியைத் தூக்கிப் பாருங்கோ. பாரமில்லாமல் இருந்தா ஊத்துங்கோ, பாரமா இருந்தா விடுங்கோ.”

ஒவ்வொரு சாடியும் இருபத்தாறு லீற்றர் கொள்ளும். கறுப்புக் கம்பளித் துணியில் தைத்த சாடி. தண்ணீர் ஊற்றினால் பதினெட்டுக் கிலோ வரும். எனக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்று டொக்டர் எழுதித் தந்த கடதாசி இருக்கிறது. அதை மருமகனிடம் சொல்லவில்லை. பரீட்சை தொடங்குமுன்பே எனக்குத் தூக்க ஏலாது என்று சொன்னால் அது தோல்வியில் எழுதப்படும். ஓம் ஓம் என்று தலையாட்டினேன். உரத்தைப் பற்றி மட்டும் அவர் எண் சொன்னார். ஒரு லீற்றருக்கு ஐந்து மில்லிலீற்றர், மூன்று தண்ணீருக்கு ஒருமுறை மட்டும். மற்ற இரண்டும் வெறும் தண்ணீர். எண்களாய்க் கேட்டபோது மனம் கொஞ்சம் ஆறியது. அன்றைய தண்ணீரை அவரே ஊற்றிக் காட்டினார். சுற்றிவர மெதுவாக, அடித்தட்டில் கொஞ்சம் வடியும் வரை. வடிந்ததை உடனே ஒரு பஞ்சால் ஒற்றி எடுத்தார். தன் பிள்ளைக்குக்கூட இவ்வளவு பதமாக எவரும் செய்து நான் காணவில்லை. அவர்களுக்குப் பிள்ளை இல்லை, அதைப் பற்றிக் கதைப்பதுமில்லை. எழுதியதை வெட்டாமல் விடுகிறேன்.

அவர்கள் போன மூன்றாம் நாள் எனக்குப் பதகளிப்பு வந்துவிட்டது. மேல்மண் காய்ந்திருந்தது. ஊற்றவா, விடவா? யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டால் கேட்டது பதிவாகும். கேட்கக்கூடிய ஒரே ஆள் எங்கள் மாடியில் நாலு கதவு தள்ளி இருக்கிற அண்ணை. வயது எண்பத்தொன்று. ஸ்காபரோவில் கறிவேப்பிலைக் கன்றைப் பத்தொன்பது பனிகாலம் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றியவர் என்று பெயர் எடுத்தவர். இங்கே எங்கள் சனத்தில் பாதிப் பேர் ஐப்பசியில் கறிவேப்பிலையைச் சாடியோடு உள்ளே தூக்கி வைத்துப் பங்குனியில் குச்சியாக வெளியே எறிகிறவர்கள். அண்ணையுடையது கூரையில் முட்டி நிற்கிறது. பிடித்தவர்களுக்கு ஒரு நெட்டு இலை தருவார், மிகவும் பிடித்தவர்களுக்கு இரண்டு.

அவரை அழைத்தேன். ஆனால் கஞ்சா என்று சொல்ல எனக்கு நா எழும்பவில்லை. ஊர்ப் பத்திரிகையில் கடற்கரையில் பொதியோடு பிடிபட்டவர்களின் செய்தியில்தான் அந்தச் சொல்லை நான் வாசித்திருக்கிறேன். படித்தவன், ஓய்வுபெற்றவன், மகள் வீட்டில் இருந்துகொண்டு அதற்குத் தண்ணீர் வார்க்கிறேன் என்று எப்படிச் சொல்வது? மகள் வீட்டில் பெரிய சாடியில் கண்டு நிற்குது, பனிகாலம், வீட்டுக்குள், எத்தனை நாளுக்கு ஒருக்கால் தண்ணி என்று மட்டும் கேட்டேன்.

அண்ணைக்குச் சந்தேகமே இல்லை. அவருடைய உலகத்தில் வீட்டுக்குள் நிற்கிற கன்று ஒன்றுதான்.

“பனிகாலத்தில கண்டு நித்திரை. நித்திரையில கிடக்கிறவனுக்கு ஆரும் சோறு தீத்துவினமே? பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கால், ஒரு பேணி. உரம் எண்ட கதையே வேண்டாம். பங்குனி வரைக்கும் பட்டினி போடும்.”

பதினைந்து நாள், ஒரு பேணி. என்ன அழகான எண்! மருமகனுடைய பதினொரு பக்கத்தையும் மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். மருமகன் சொன்னது பிழை என்பதில் மாமனுக்கு ஒரு சுகம் உண்டு. இருந்தாலும் நான் பயந்த ஆள். பதினைந்தைப் பாதியாக்கி எட்டு என்று தீர்மானித்தேன். கொப்பியில் எழுதினேன்: அடுத்த தண்ணீர், 11ஆம் திகதி, ஞாயிறு.

காலை எட்டு மணிக்கு அவர்களுடைய வீடியோ அழைப்பு வரும். அங்கே பின்னேரம் ஆறரை. மகள் முதலில் கேட்பது நான் எப்படி என்று அல்ல, அடுப்பு நிற்பாட்டியிருக்கிறதா என்று. தொலைபேசியை அடுப்படிக்குக் கொண்டுபோய் நாலு குமிழையும் காட்டுவேன். பிறகு மருமகன் கன்றுகளைக் கேட்பார். ஆறாம், ஏழாம் நாள்களில் மூன்று கன்றுகளின் இலை கொஞ்சம் சோர்ந்திருந்தது. மூன்றாவது மட்டும் விறைப்பாக நின்றது. ஆகவே மூன்றாவதை நாலு பக்கத்தாலும் காட்டினேன். “நாலும் ஒரே மாதிரி நல்லா நிக்குது, மாமா” என்றார். ஓம் என்றேன். அதில் பொய் இல்லை, நாலு பக்கமும் ஒரே மாதிரித்தான் நின்றது.

எட்டாம் நாள், சனிக்கிழமை, ஸிப்பைத் திறந்தேன். நாலும் படுத்துவிட்டன. மழை விட்ட பிறகு மடக்கிய குடைபோல, இலையெல்லாம் தண்டோடு ஒட்டித் தொங்கின. சாடித் துணியில் விரலால் தட்டினால் வெறும் பெட்டியின் சத்தம். அந்த நேரம் என் கண்ணுக்குக் கன்று தெரியவில்லை. ஒன்பதாம் மாடி யன்னலில் வேறு யாரோ திரைச்சீலை கட்டுவது தெரிந்தது.

பயந்த மனிதன் குறைவாகச் செய்யமாட்டான். சாடிக்குப் பத்து லீற்றர் வீதம் ஊற்றினேன். எட்டு நாள் பட்டினி கிடந்தவைகளுக்கு வெறும் தண்ணீரா கொடுப்பது என்று உரத்தையும் கலந்தேன். ஐந்துக்குப் பதில் பத்து மில்லிலீற்றர். பாதிக்குமேல் காய்ந்த மண்ணுக்குள் இறங்காமல் ஓரத்தால் ஓடித் தட்டையும் தாண்டிக் கம்பளத்தில் நின்றது. பதினொரு துவாய் நனைந்தது. ஆனால் பின்னேரம் பார்த்தால் நாலும் எழும்பி நின்றன. பார்த்ததும் ஒரு பெருமை வந்தது, அந்தப் பெருமைதான் கெடுத்தது. தண்ணீரால் எழும்பினால் இன்னும் தண்ணீரால் இன்னும் எழும்பும்தானே? ஞாயிறு ஊற்றினேன். திங்கள் ஊற்றினேன். செவ்வாய் உரத்தோடு ஊற்றினேன்.

புதன் காலை நாலும் திரும்பப் படுத்துவிட்டன. தாகத்துக்கு எந்த முகம் காட்டினவோ, மூழ்கினதற்கும் அதே முகம். இலைகளின் நுனி துருப்பிடித்ததுபோலக் கருகி, கழுகின் நகம்போல உள்ளுக்கு வளைந்திருந்தது. ஈர மண்ணிலிருந்து சின்னக் கறுப்புப் பூச்சிகள் எழும்பிப் பறந்தன. இருபத்தேழு வரை எண்ணினேன், அவை நின்று கொடுக்கவில்லை. லாச்சியைத் திறந்து பதினொரு பக்கத்தையும் எடுத்தேன். ஏழாம் பக்கத்தில் எல்லாம் இருந்தது. அதிகத் தண்ணீரில் வேருக்கு மூச்சு முட்டும், அதிக உரத்தில் நுனி கருகும், காய்ந்த மண்ணில் உரம் ஊற்றக்கூடாது. மற்றவர்களின் கணக்கில் இந்த ரகப் பிழையை நான் சிவப்புக் கோடு போட்டு வைத்திருப்பேன்.

அண்ணைக்கு எடுத்து உண்மையைச் சொன்னேன். வியாழக்கிழமை வருகிறேன் என்றார். எண்பத்தொரு வயதில் மூன்று பஸ் மாறி, ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் வந்து சேர்ந்தார். குல்லாவைக் கழற்றாமலே கூடாரத்துக்குள் தலையை நீட்டினார். விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

“உதுக்கே நீர் என்னட்டைக் கறிவேப்பிலை வைத்தியம் கேட்டனீர்?”

“வெக்கமாயிருந்தது, அண்ணை.”

“வெக்கப்பட்டு வெக்கப்பட்டே சாகடிச்சுப் போட்டீர். இஞ்சை, உந்த லைற் எத்தினை மணித்தியாலம் எரியுது?”

பதினெட்டு என்றேன்.

“வெளியிலதான் மாசி. உதுகளுக்கு இஞ்சை சித்திரை வெயில். நித்திரையாவது மண்ணாவது. உதுகள் முழிச்சிருந்து மாடு மாதிரித் தண்ணி குடிக்கிற சாதி. நான் அறியாமல் பட்டினி போடச் சொல்லிப்போட்டன், நீர் அறிஞ்சுகொண்டு போட்டீர்.”

மருந்து என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் மருந்தாம். மண் காயும் வரை வாளியைத் தொடக்கூடாது. காய்ந்தது எப்படித் தெரியும், என்னால் தூக்க முடியாதே என்றேன். உமக்குத் தராசு தெரியாதோ என்றார். பிறகு ஓர் இலையைக் கசக்கி மணந்து பார்த்தார். ரசத்துக்குக்கூட உதவாது என்று தீர்ப்பளித்தார். தேத்தண்ணீர் குடித்துவிட்டு மூன்று மணிப் பஸ்ஸுக்குப் போனார்.

தராசு மேல்மாடிக் குளியலறையில் இருந்தது, மகள் ஏறி நின்று மனம் நோகிற கண்ணாடித் தராசு. அதைக் கீழே கொண்டுவந்தேன். முழுச் சாடியை அதில் ஏற்ற என்னால் முடியாது. ஆனால் பாதியை ஏற்றலாம். சாடியின் ஒரு பக்கத்தை மட்டும் கொஞ்சம் சரித்துத் தராசின்மேல் வைத்தேன். மறுபக்கத்துக்கு அதே உயரத்தில் மருமகனுடைய கம்ப்யூட்டர்ப் புத்தகம் ஒன்றைச் செருகினேன். தராசு காட்டுவது பாதிப் பாரம். பாதி போதும். எனக்குத் தேவை பாரம் அல்ல, நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம். அந்தப் புத்தகம் எழுநூற்று எண்பது பக்கம். அந்த வீட்டில் அது அதற்குமுன் எதற்கும் பயன்பட்டதாகத் தெரியவில்லை.

வியாழன்: ஒன்பது கிலோ, ஒன்பது, ஒன்பது இருநூறு, எட்டு எண்ணூறு. நாலுக்கும் நாலு எண். எழுதிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கூடாரத்துக்கு முன்னால் இருந்தேன். ஒன்றும் செய்யாமல் இருப்பது என்னைப் போன்றவனுக்கு எவ்வளவு கடினம் என்று யாருக்கும் விளங்காது. வெள்ளி, சனி, ஞாயிறு இருந்தேன். மஞ்சள் நிறத்தில் ஒட்டும் அட்டை வாங்கித் தொங்கவிட்டேன், அதில் நூற்றுநாற்பத்துமூன்று பூச்சி பிடிபட்டது. கருகிய இலை முப்பத்தொன்றை வெட்டினேன். வீடியோவில் காட்ட நல்ல பக்கம் எந்தக் கன்றிலும் இல்லாததால் இரண்டு நாள் கமெரா பழுது என்றேன். அந்தக் கமெராவாலேயே மகள் அடுப்புக் குமிழைத் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை நாலாவது சாடி ஐந்து கிலோவுக்கு இறங்கியது. துணியைத் தட்டினேன், மேல்மண்ணில் விரலை இரண்டாம் மடிப்பு வரை விட்டேன், காய்ந்திருந்தது. வெறும் தண்ணீர், சுற்றிவர, மெதுவாக, தட்டில் கொஞ்சம் வடியும் வரை. ஒன்பதுக்கு ஏறியது. செவ்வாய் முதலாவதும் இரண்டாவதும். மூன்றாவது வியாழக்கிழமைதான் ஐந்துக்கு வந்தது. அதற்கு வேர் அதிகம் அழுகியிருக்க வேண்டும், குடிக்கவே பஞ்சிப்பட்டது. அதன்பின் ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு நடந்தது. நாலாவதுக்கு மூன்று நாளில் தாகம், முதலிரண்டுக்கும் நாலு நாளில். விளக்குக்குக் கிட்ட நின்றது முந்தியது, ஓரத்தில் நின்றது பிந்தியது. ஒரே கூடாரம், ஒரே விளக்கு, ஒரே சாடி, ஆனால் நாலுக்கும் சேர்த்து ஒரு கிழமை குறிக்க முடியாது. நான் தேடிய எண் நாளில் இருக்கவில்லை, கிலோவில் இருந்தது. உரத்தை மருமகன் சொன்னதில் பாதியாக, புது இலை வந்த மூன்றுக்கு மட்டும் ஒரே ஒரு முறை கொடுத்தேன். மூன்றாவதுக்குக் கொடுக்கவில்லை. வயிற்றோட்டக்காரனுக்கு யாராவது புரியாணி கொடுப்பார்களா?

26ஆம் திகதி, திங்கள், அவர்கள் வந்து இறங்கினார்கள். மருமகன் சப்பாத்தைக் கழற்றாமலே கீழே இறங்கினார். நான் கொப்பியைக் கொடுத்தேன். வீடியோவில் நல்ல பக்கத்தைக் காட்ட எனக்கு வரும், ஆனால் கொப்பியில் பொய் எழுத வராது. எட்டாம் நாள், பத்து லீற்றர், இரட்டை உரம், பதினொரு துவாய் எல்லாம் இருந்தது. அவர் நின்றபடியே எல்லாப் பக்கமும் வாசித்தார். மூன்று கன்றுகள் அவர் போனபோது இருந்ததைவிட இரண்டு விரற்கடை உயர்ந்து பச்சையாக நின்றன. மூன்றாவது மட்டும் நோயாளிபோல நின்றது, ஆனால் நின்றது.

“மாமா, இந்த நிறுவை வேலை எனக்கு யோசனை வரேல்லை” என்றார். “நான் தூக்கித் தூக்கித்தான் முதுகை முறிச்சனான்.”

நான் தேறிவிட்டேன் என்று நினைத்தேன். மேலே தேத்தண்ணீரோடு மகள் இருந்தாள். மருமகன் கொப்பியை அவளுக்குக் காட்டினார். அடுத்த மாதம் பூ வைக்கும் காலம், தண்ணீர்க் கணக்கு இன்னும் நுணுக்கம், மாமாவின் கை வேண்டும் என்றார். மகளின் முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களே, அப்பா. உங்களுக்கு இஞ்ச எவ்வளவு வேலை கிடக்குது. இனி என்னத்துக்கு அங்க தனிய? இந்த மாசத்தோட அப்பார்ட்மென்டை விட்டிட்டு வாங்கோ.”

“அப்ப நாலும் செத்திருந்தா?” என்று கேட்டேன்.

“செத்திருந்தா உங்களைத் தனிய விடேலாது எண்டு தெரிஞ்சிருக்கும்தானே.”

அவள் அதைக் குறும்பாகச் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததேயில்லை, அவ்வளவுதான். தவறினால் ஆபத்தானவன், பேஸ்மென்ட். தேறினால் தேவையானவன், அப்போதும் பேஸ்மென்ட். எந்த விடைக்கும் ஒரே புள்ளி போடும் பரீட்சைக்காக நான் இருபத்துமூன்று நாள் கண்முழித்திருக்கிறேன். இருபத்தைந்து வருடத்தில் எந்தக் கூட்டுறவுச் சங்கமும் என்னை இப்படி ஏய்த்ததில்லை.

கோபப்பட்டால் வயதுபோன ஆளுக்குப் புத்தி பேதலிக்குது என்பார்கள். கேட்கிறதைக் கேட்டேன்.

“தண்ணி ஊத்த ஆள் வேணுமெண்டா அதுக்கு மெசின் இருக்கு, பிள்ளை. அடுப்பை நிப்பாட்ட ஆள் வேணுமெண்டாலும் மெசின் இருக்கு. ரெண்டையும் நான் வாங்கித் தாறன். அதுக்குப் பிறகு நான் இஞ்ச இருந்து என்ன செய்யிறது?”

மகள் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். மருமகன் யன்னலைப் பார்த்தார். பிறகு அவள் தாழ்ந்த குரலில், “எனக்குப் பயமா இருக்கு, அப்பா” என்றாள். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டரை மாதத்தில் எத்தனை சண்டை மிச்சப்பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

“எனக்கும்தான் பயம்” என்றேன். “ஆனா நான் என்ர வீட்டில இருந்து பயப்பிடுறன்.”

ஆறு மாதம் பார்ப்போம் என்றாள். ஆறு மாதமும் காலை எட்டு மணிக்கு அடுப்புக் குமிழைக் காட்ட வேண்டும் என்றாள். சரி என்றேன்.

அந்தச் சனிக்கிழமை மருமகனே என்னைக் காரில் கடைக்குக் கூட்டிப்போனார். சாடி காயும்போது தானே அறிந்து குழாயால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் கருவி ஒன்று. என் அடுப்படியில் ஆள் அசைவு இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் அடுப்பைத் தானே அணைக்கும் கருவி ஒன்று. முதலாவதன் பெட்டியில் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று எண் ஏதும் எழுதியிருக்கவில்லை, இந்தத் தடவை நான் அதைத் தேடவுமில்லை. காசாளர்ப் பெண்ணிடம் முதியோருக்கு விலைக்கழிவு உண்டா என்று கேட்டேன். இல்லை என்றாள். மருமகன் பையில் கை வைத்தார், நான் விடவில்லை. நூற்று அறுபத்துநாலு தொண்ணூற்றொன்பதும் இருநூற்று நாற்பத்தொன்பது தொண்ணூற்றொன்பதும், அதற்கு மேல் நூற்றுக்குப் பதின்மூன்று வரி: ஒன்பதாம் மாடியில் இன்னும் ஆறு மாதம் இருக்க நான் கொடுத்தது மொத்தம் நானூற்று அறுபத்தெட்டு டொலர் தொண்ணூற்றுமூன்று சதம்.